உறைஞ்ச கடலும் மூணு முடிச்சும்

துர்க்கு, பின்லாந்து
20 அக்டோபர் 1939

அன்புள்ள லூர்துமேரிக்கு அந்தோணிசாமி எழுதறது.

உயிரோட இருக்கேன். ரெண்டு கை, ரெண்டு காலு எல்லாம் ஒழுங்கா இருக்கு. இதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா கவர் மேல இருக்கற ஸ்டாம்பைப் பார்த்துட்டு, "இந்தப் பய சீமையை விட்டு எங்க ஓடிட்டான்?"னு உங்க அப்பா குதிச்சிருப்பாரு.

ஓடிலாம் வரலே, அனுப்பிச்சுதான் வந்தேன். கப்பல்ல கரி அள்ளிப் போட்டுக்கினு போனவன் சவுத்தாம்ப்டன்ல எறங்கி, படகு கட்டற பட்டறையில ரெண்டு வருஷமா இஞ்சின் ஃபிட்டரா இருக்கேன்னு உனக்குத் தெரியும். சீமையில கட்டின டார்பிடோ படகுங்களைப் பின்லாந்துக்காரங்க பத்துப் பன்னண்டு வருஷத்துக்கு முன்னாடியே வாங்கி வெச்சிருக்காங்க. பக்கத்து வீட்டு ரஷ்யாக்காரன் எப்ப பாய்வானோன்னு இப்ப பயம் வந்துடுச்சு. இஞ்சினையெல்லாம் பிரிச்சு சரி பண்ண ஆள் கேட்டாங்க. போகவேண்டிய வெள்ளைக்காரனை நேவியில கூப்பிட்டுக்கினாங்க. மேஸ்திரி என்னைப் பார்த்து "நீ போறியா?"ன்னான். அவன் வாயை மூடறதுக்குள்ள போறேன்னுட்டேன்.

லூர்து, அந்தப் படகைப் பத்தி உனக்கு எப்படிச் சொல்லுவேன்! மெலிசான பலகை. வயித்துக்கு அடியில ஒரு படி மாதிரி வெட்டி வெச்சிருக்கான். வேகம் புடிச்சதும் மூக்கைத் தூக்கிக்கினு தண்ணி மேலயே ஏறிடுது. அப்புறம் அது மிதக்கறதில்ல, ஏரியில ஓட்டாஞ்சில்லு எறிஞ்சா தத்துமே, அப்படித் தத்திக்கினு ஓடுது. மணிக்கு நாப்பது மைலு! ஒரு படகுக்கு அம்புன்னு பேரு வெச்சிருக்காங்க. சரியான பேருதான்.

இதைக் கேளு. டார்பிடோன்னா தண்ணிக்குள்ளயே ஓடிப்போயி கப்பலை உடைக்கற குண்டு. அது படகோட முதுகுல, பின்பக்கம் ஒரு காடிப் பள்ளத்துல படுத்துக்கினு இருக்கும். எதிரிக் கப்பலைப் பார்த்து நேரா பாயணும். கிட்ட போனதும் டார்பிடோவைப் பின்பக்கமா தண்ணியில தள்ளணும். அது விழுந்ததும் நம்ம படகு போற திசையிலயே நம்ம பின்னாலயே துரத்திக்கினு வரும்! படகு சட்டுனு ஒதுங்கி அதுக்கு வழி விடணும். அந்த நேரம் பார்த்து இஞ்சின் ஒரு இருமல் இருமிச்சுன்னா நம்ம குண்டே நம்மளை முடிச்சிடும். அந்த இருமல் வராம பாத்துக்கறதுதான் என் வேலை. நேத்து சோதனை ஓட்டத்துல என்னையும் ஏத்திக்கினு போனாங்க. நான் கத்தின கத்துல எனக்கே காது அடைச்சிடுச்சு. பயத்துல இல்ல, சந்தோசத்துல.

கிறிஸ்துமசுக்கு முன்னாடி வேலை முடிஞ்சிடும். ஜனவரியில மூணு ராசா திருநாள் ஆனதும் கோயில்ல நம்ம கல்யாண ஓலையை மூணு ஞாயிறும் வாசிக்கச் சொல்லு. தபசு காலம் பொறந்துட்டா ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கிடையாது, அதுக்குள்ள வந்து தாலி கட்டறேன்.

காது அடைச்சவன்,
அந்தோணிசாமி


திண்டிவனம்
18 நவம்பர் 1939

மச்சான்,

"நீங்க, வாங்க"ன்னு மரியாதையா எழுதணும்னுதான் உக்காந்தேன். கடுதாசியை இன்னொரு வாட்டி படிச்சதும் மரியாதை எல்லாம் போயிடுச்சு. உனக்கு என்ன பைத்தியமா? பரிசம் போட்டுட்டுப் போனவன், தன் குண்டு தன்னையே துரத்தற படகுல ஏறிக்கினு சந்தோசமா கத்தினேன்னு எழுதறியே! படிக்கறவ கதி என்னா ஆவும்னு நெனச்சுப் பார்த்தியா?

அதை எவன் கண்டுபுடிச்சான்? முன்னாடி போட்டா என்ன, முன்னாடி எடம் இல்லியா? ரெண்டு நாளா இதே யோசனை. மடத்துப் பள்ளிக்கூடத்துல ஒண்ணாம் வகுப்புப் பசங்களுக்கு அ, ஆ சொல்லிக் குடுக்க வேண்டியவ, பலகையில சாக்பீஸால படகு போட்டுக்கினு நிக்கறேன். பெரிய சிஸ்டர் எட்டிப் பார்த்து "இது என்ன, மீனா?"ன்னாங்க. விஷயத்தைச் சொன்னேன். அவங்களும் பக்கத்துல நின்னு யோசிச்சாங்க. நான் கண்டுபுடிச்சதைச் சொல்றேன், சரியான்னு எழுது. மெலிசான பலகைன்னு சொன்னியே, முன்னாடி வெச்சா மூக்கு பாரத்துல அமுங்கிடும், தத்தாது. சரிதானே?

இப்ப வீட்டு சங்கதி. எங்க அப்பா சவுரிராயனைப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா? முகையூர்லேர்ந்து ஒரு மாப்பிள்ளை வீடு வந்துட்டுப் போச்சு. தாலுக்கா கச்சேரியில பியூனு. தோள்ல டவாலிப் பட்டை போட்டுக்கினே வந்தான், பொண்ணு பார்க்கறதுக்குக் கூட கழட்டலே. அப்பாவுக்கு அந்த டவாலி மேல ஒரே மயக்கம். "பரிசம் போட்ட வார்த்தைக்காகக் காத்திருக்கேன். தபசுக்கு முன்னாடி அந்தோணி தாலி கட்டலேன்னா, ஈஸ்டர் முடிஞ்சதும் முகையூரானுக்குத்தான் உன்னைக் குடுப்பேன்"னு சொல்லிட்டாரு. அவரு சொன்னா சொன்னதுதான்.

எனக்கு டவாலி வேணாம். நீதான் வேணும். பச்சையா எழுதிட்டேன், வெக்கமா இருக்கு, ஆனா அழிக்க மாட்டேன். ஜல்தி வா.

உன் அக்கா அம்மணி விழுப்புரத்துலேர்ந்து வந்திருந்தாங்க. வறுத்த மல்லாக்கொட்டை ஒரு மூட்டை குடுத்துட்டு, உன்னை நெனச்சு அழுதுட்டுப் போனாங்க.

லூர்துமேரி


துர்க்கு
22 டிசம்பர் 1939

லூர்து,

மூக்கு அமுங்கிடும்னு சொன்னது ரொம்ப சரி! உன் கடுதாசியை மடக்கித் தலையணைக்கு அடியில வெச்சிருக்கேன்.

பேப்பர்ல பார்த்திருப்பே. போன மாசக் கடைசியில ரஷ்யாக்காரன் குண்டு போட ஆரம்பிச்சுட்டான். எங்க தலை மேலயும் பிளேன் வருது. அதை விட்டுத்தள்ளு. நான் சொல்லப்போறது கடலைப் பத்தி.

கடல் கெட்டியாயிடுச்சு லூர்து! சத்தியமா சொல்றேன். முதல்ல தண்ணி எண்ணெய் மாதிரி மினுக்கிச்சு. அப்புறம் கேப்பைக்கூழு ஆறினா மேல ஏடு கட்டுமே, அந்த மாதிரி கட்டிச்சு. நாங்க கடைசிப் படகைக் கரை சேர்க்க வந்துக்கினு இருந்தோம். அந்த ஏடு ரம்பம் மாதிரி பலகையை அறுக்குது! ஒருத்தன் மூக்குல நின்னுக்கினு கழியால உடைக்கறான், ரெண்டு பேரு பக்கவாட்டுல தள்றாங்க, நான் உள்ள இஞ்சினைக் கெஞ்சிக்கினு இருக்கேன். வேகமாப் போனா பலகை கிழியும், நின்னா அங்கயே கட்டிப் போட்டுடும். நத்தை வேகத்துல ஓட்டி எப்படியோ கொண்டாந்து சேர்த்தோம். கரையில இருந்தவங்க தொப்பியைத் தூக்கிப் போட்டுக் கத்தினாங்க. மறு வாரம் அதே எடத்துல கடல் மேல நான் நடந்தேன். பூட்ஸ் கூட நனையலே.

படகெல்லாம் இப்ப கொட்டாயில ஏத்தி வெச்சாச்சு. பனி உருகற வரைக்கும் ரெண்டு பக்கத்துக் கப்பலும் அசையாது. உருகின அன்னிக்கே அவன் கப்பல் வரும். அதுக்குள்ள எல்லா இஞ்சினும் தயாரா இருக்கணும், ஓட்டறதுக்குப் பசங்களைப் பழக்கணும். இந்தப் படகுங்களுக்கெல்லாம் தலைவரான கேப்டன் என்னை வசந்தம் வரைக்கும் இருக்கச் சொல்றாரு. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் ஆசையா இருக்கு. என் கையை நம்பி இத்தனை பேரு இதுவரைக்கும் நின்னதில்ல.

ஆனா நீ எனக்கு வேணும். இங்க ஒரு கத்தோலிக்கக் கோயில் இருக்கு. சாமியார்கிட்டப் போய் அழாத குறையாச் சொன்னேன். அவரு ஒரு வழி சொன்னாரு. மாப்பிள்ளை வர முடியாத எடத்துல இருந்தா, அவன் பேரால இன்னொருத்தர் நின்னு கல்யாணத்தை முடிக்கலாமாம். சட்டம் இருக்காம். ரெண்டு சாட்சி வெச்சு எழுதி வாங்கி முத்திரை போட்டுட்டாரு, அந்தக் காயிதத்தை இதோட வெச்சிருக்கேன். யாரு பேரு போடறதுன்னு கேட்டாரு. வேற ஆம்பளை உன் கழுத்துல கை வைக்கறதா? அம்மணி அக்கா பேரைப் போட்டேன். நம்ம பக்கம் மாப்பிள்ளை ஒரு முடிச்சு போட்டா மீதி ரெண்டையும் நாத்தனார்தானே போடறாங்க. மூணையும் அக்காவே போடட்டும்.

உனக்குப் பிடிக்கலேன்னா தந்தி குடு. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுக் கிளம்பிடறேன். ஆனா உன் தந்தி வந்தப்புறம் கிளம்பினா தபசுக்கு முன்னாடி வந்து சேர முடியாது.

உன்
அந்தோணி


திண்டிவனம்
22 ஜனவரி 1940

மச்சான்,

நீ வேற எதையாவது எழுதியிருக்கக் கூடாதா? குண்டு விழுந்துச்சுன்னு எழுதியிருந்தா நம்பியிருப்பாரு. கால் ஒடிஞ்சுதுன்னு எழுதியிருந்தா அழுதிருப்பாரு. கடல் கெட்டியாயிடுச்சுன்னா எழுதுவே?

காயிதம் வந்த அன்னிக்கே எனக்குத் தலைகால் புரியலே. சம்மதமான்னு கேக்கறியா? முடிச்சு எவ்ளோ கெட்டின்னுதான் எனக்குக் கவலை, யாரு போட்டா என்ன! நம்ம வெள்ளைக்காரப் பங்கு சாமியார்கிட்ட ஓடினேன். அவரு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துட்டுச் செல்லும்னாரு. ஞாயித்துக்கெழமை முதல் ஓலையை வாசிக்கறேன்னாரு. அப்பாவுக்கு நானே உன் கடுதாசியைச் சத்தமாப் படிச்சேன். எம்புத்தியைச் செருப்பால அடிக்கணும். கடல் வந்த எடத்துல "நிறுத்து"ன்னாரு. துண்டைத் தோள்ல போட்டுக்கினு அப்படியே மரக்காணம் போயிட்டாரு.

அங்க அவரோட சிநேகிதரு வெங்கடாசலம் இருக்காரே, பொறந்ததுலேர்ந்து கடல்ல கிடக்கற மனுசன். "ஏம்பா, கடல் உறையுமா?"ன்னு கேட்டிருக்காரு. குப்பமே சிரிச்சிருக்கு. "உப்பளத்துல வந்து பாரு சவுரிராயா, கடல் தண்ணி வத்தும், உப்பாவும், என்னைக்காச்சும் கல்லாவுமா? உன் மாப்பிள்ளை சாராயத்தைப் போட்டுட்டு எழுதியிருக்கான்"னு சொல்லி அனுப்பிட்டாங்க.

நேத்து பூசையில சாமியாரு ஓலையை வாசிச்சு, "தடை தெரிந்தவர்கள் சொல்லவும்"னாரு. எங்க அப்பா எழுந்து நின்னாரு மச்சான்! பொண்ணைப் பெத்தவரே! "மாப்பிள்ளை பொய்யன் சாமி. கடல் மேல நடந்தேன்னு எழுதறான்"னாரு. பின்னாடி யாரோ, "ஆண்டவரும் நடந்தாரே"ன்னாங்க. "அவரு ஆண்டவரு, இவன் அந்தோணி"ன்னாரு. கோயிலே சிரிச்சுது. நான் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கினேன். அழுகையா சிரிப்பான்னு எனக்கே தெரியலே.

சாமியாரு, "நானும் எங்க ஊர்ல ஆறு உறைஞ்சு பார்த்திருக்கேன், அங்க கடலும் உறையும்"னு எடுத்துச் சொன்னாரு. அப்பா கும்புட்டுக்கினே, "மோட்சம் நரகத்தைப் பத்தி நீங்க சொன்னா நம்பறேன் சாமி. கடலைப் பத்தி மரக்காணத்தான்தான் சொல்லணும்"னுட்டாரு. பொய் சொன்னான்றது சட்டப்படி தடையில்லியாம். ஆனாலும் பெத்தவரை மீறிப் பண்ணி வைக்க சாமியாருக்கு மனசு இல்ல. மூணாவது ஓலை பிப்ரவரி நாலாந்தேதி. அதுக்குள்ள அப்பா மனசு மாறணும், இல்லேன்னா முகையூர் டவாலிதான் எனக்கு.

மாறலேன்னா நான் மாத்தறேன். பெரிய சிஸ்டர் ஒரு விஷயம் சொல்லியிருக்காங்க. அம்மணி அக்காவுக்கு ஆள் அனுப்பிச்சிருக்கேன். இப்ப எதுவும் கேக்காதே.

லூர்து


துர்க்கு
30 ஜனவரி 1940

லூர்து,

உன் பதில் இன்னும் வரலே. தந்தியும் இல்ல. கோவமா? காயிதம் வந்து சேர்ந்துதா, வழியில கப்பலோட முழுகிடுச்சா? எதுவும் தெரியாம பேஜாரா இருக்கு.

இங்க குளிரு எழுத முடியாத குளிரு. இஞ்சின் ஆயில் வெல்லப்பாகா நிக்குது, அடுப்புல சூடு பண்ணி ஊத்தித்தான் கிளப்பறோம். நேத்து பிளேன் வந்து நகரத்தைக் கொளுத்திட்டுப் போச்சு. கொட்டாய்க் கூரை பறந்துடுச்சு, படகுங்களுக்கு ஒண்ணும் ஆவலே. நாங்க படகுக்கு அடியில படுத்துக் கிடந்தோம். என்கூட இருந்த பசங்க பொண்டாட்டி பேரையும் அம்மா பேரையும் சொல்லிக்கினு இருந்தாங்க. நான் உன் பேரைத்தான் சொன்னேன். நீ எனக்கு என்ன உறவுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

முகையூரானுக்கே உன்னைக் குடுத்துட்டாங்கன்னா அதையாவது எழுது.

அந்தோணி


திண்டிவனம்
7 பிப்ரவரி 1940, விபூதிப் புதன்

என் புருஷனுக்கு,

படிச்சியா? இன்னொரு வாட்டி படி. நேத்து ஆயிடுச்சு! தந்தி குடுத்தோம், சண்டை நடக்கற ஊருக்கு அது போவுமோ போவாதோன்னு தபால் ஆபீஸ்காரரே சொல்லிட்டாரு. அதனால எல்லாத்தையும் எழுதறேன்.

ஐஸ்கட்டியில உப்பைக் கொட்டினா அது சும்மா இருக்கற ஐஸை விட பல மடங்கு சில்லுனு ஆவும்னு பெரிய சிஸ்டர் சொன்னாங்க. அவங்க வெள்ளைக்காரங்கதானே, அவங்க ஊர்ல திருநாளைக்குப் பாலை அப்படித்தான் உறைய வைப்பாங்களாம். பாலு உறைஞ்சா கடலு உறையாதா? ஆனா திண்டிவனத்துல ஐஸுக்கு எங்க போறது? விழுப்புரம் ஜங்ஷன் சாப்பாட்டுக் கடைக்கு மெட்ராஸ்லேர்ந்து மெயில்ல ஐஸ் வருதில்ல, அக்கா வீட்டுக்காரரு அங்கதானே போர்ட்டரு. அக்கா அவரை எப்படிப் பிடிச்சாங்களோ, சனிக்கெழமை காலையில ஒரு பெரிய கட்டியை மரத்தூள் போட்டு சாக்குல சுத்தி ரயில்ல ஏத்திக்கினு வந்துட்டாங்க.

அப்பாகிட்ட நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "கடல் தண்ணியை நீயே போய் மொண்டுக்கினு வா. வெங்கடாசலத்தையும் கூட்டிக்கினு வா. உறையலேன்னா நாளைக்கே முகையூரானைக் கட்டிக்கறேன்." ஆமா மச்சான், அப்படித்தான் பந்தயம் வெச்சேன்.

பள்ளிக்கூட வாசல்ல ஊரே கூடிடுச்சு. ரயில் லேட்டு! அக்கா சாக்கோட ஓடி வராங்க, சாக்குலேர்ந்து தண்ணி சொட்டுது, பாதி ஐஸு காணோம். இருந்ததை உலக்கையால இடிச்சு, மரக்காணத்து உப்பைக் கலந்து, அதுக்கு நடுவுல வெங்கடாசலம் கையாலயே கடல் தண்ணி ஊத்தின தகர டப்பாவை நட்டு, சுத்த ஆரம்பிச்சேன். சுத்தறேன், சுத்தறேன், ஒண்ணையும் காணோம். திறந்து பார்த்தா தண்ணி தண்ணியாவே இருக்கு. வெங்கடாசலம் மீசையைத் தடவிக்கினு சிரிக்கறாரு. அப்பா என் மூஞ்சியைப் பார்க்காம தரையைப் பார்க்கறாரு. சிஸ்டர், "உப்பு போதாது, இன்னும் கொட்டு"ன்னாங்க. இருந்த உப்பை எல்லாம் கொட்டினேன். டப்பா மேல வெள்ளையாப் பூத்துச்சு, கை ஒட்டிக்கினு வலிச்சுது. அக்காவும் நானும் மாத்தி மாத்திச் சுத்தினோம்.

திறந்தேன். நீ எழுதின அதே ஏடு! கூழு மாதிரி, அப்புறம் உள்ள கெட்டியா. டப்பாவைக் கவுத்துத் தட்டினேன். மரக்காணத்துக் கடல் ஒரு துண்டு தொப்புனு தட்டுல விழுந்துச்சு.

வெங்கடாசலம் அதை எடுத்து நக்கிப் பார்த்தாரு. "உப்பு கரிக்குது, நம்ம கடலுதான்"னு சொல்லிட்டுக் கீழ உக்காந்துட்டாரு. அப்பா அதை உள்ளங்கையில வாங்கிக்கினாரு. உருகி முழங்கை வரைக்கும் வழியற வரைக்கும் கீழ வைக்கலே. அப்புறம் சாமியார்கிட்ட நேராப் போயி, "தடையை வாங்கிக்கறேன் சாமி. நாளைக்கு ஓலையை வாசிங்க"ன்னாரு. அக்காவைக் கட்டிக்கினு சத்தம் போட்டு அழுதேன்.

நேத்து கல்யாணம். அக்கா மாப்பிள்ளை மாலையைப் போட்டுக்கினு என் பக்கத்துல நின்னாங்க. சின்னப் பசங்க எல்லாம் சிரிச்சாங்க. சாமியாரு கேட்டதும், "என் தம்பி அந்தோணிசாமி பேரால சம்மதிக்கிறேன்"னு அக்கா சொன்னாங்க பாரு, சிரிச்ச பசங்க கூட எட்டி எட்டிப் பார்த்தாங்க. மூணு முடிச்சும் அவங்கதான் போட்டாங்க. கெட்டியா இருக்கான்னு இழுத்து இழுத்துப் பார்த்து, மூணாவதைப் போடவே அவ்ளோ நேரம் ஆச்சு. பந்தியில அப்பா ஒவ்வொரு எலைக்கும் போய் நின்னு, "எம்மாப்பிள்ளை கடல் மேல நடந்தவன்"னு சொல்லிக்கினே சோறு போட்டாரு.

இன்னிக்குத் தபசு முதல் நாளு, நெத்தியில சாம்பல் பூசிக்கினு வந்தேன். எல்லாரும் தபசுக்கு மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்காங்க. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலே.

உன் பொண்டாட்டி
லூர்துமேரி


துர்க்கு
18 மார்ச் 1940

என் பொண்டாட்டி லூர்துமேரிக்கு,

தந்தி வரவே இல்ல. உன் ரெண்டு கடுதாசியும் இன்னிக்குத்தான் ஒண்ணா வந்துச்சு. முதல் கடுதாசியைப் படிச்சுட்டு, ரெண்டாவதைப் பிரிக்கப் பயந்துக்கினு கொட்டாயைச் சுத்திச் சுத்தி நடந்தேன். அப்புறம் பிரிச்சேன். நான் போட்ட கத்துல பசங்க குண்டுதான் விழுந்துச்சுன்னு வெளிய ஓடி வந்துட்டாங்க.

ஒரு மாசத்துக்கு மேல நான் கல்யாணம் ஆனவன், எனக்கே தெரியாம! பிப்ரவரி ஆறாந்தேதி என்ன பண்ணிக்கினு இருந்தேன்னு நெனச்சு நெனச்சுப் பார்த்தேன். உறைஞ்சு போன ஒரு போல்ட்டைக் கழட்ட முடியாம, கெட்ட வார்த்தையில திட்டிக்கினு இருந்தேன். கல்யாண நாளும் அதுவுமா!

சண்டை நின்னு போச்சு லூர்து. போன வாரம் ரேடியோவுல சொன்னாங்க. இவங்க நெலத்துல ஒரு பெரிய துண்டை எழுதிக் குடுத்துட்டு நிறுத்தியிருக்காங்க. கொடியைப் பாதி எறக்கிக் கட்டியிருக்காங்க, தெருவுல நின்னு அழறாங்க. எங்கிட்டப் பழகின பையன் ஒருத்தனோட வீடு அந்தப் பக்கம் போயிடுச்சு. அவங்க நடுவுல நின்னுக்கினு எனக்குச் சிரிக்கவும் முடியலே, சிரிக்காம இருக்கவும் முடியலே.

படகெல்லாம் தயாரா இருக்கு. மே மாசம் பனி உருகினதும் எறக்கப் போறாங்க. கேப்டன் இங்கிலீசுல கேட்டாரு, "உன் கையால சரி பண்ணது, அது ஓடறதைப் பார்க்க வேணாமா? இன்னும் ரெண்டு மாசம் இரு"ன்னாரு. எனக்குப் பார்க்கணும் லூர்து. அந்தப் படகு மூக்கைத் தூக்கறதை இன்னொரு வாட்டி பார்க்க என்ன வேணாலும் குடுப்பேன். கொஞ்ச நேரம் அதோட பலகையைத் தடவிக்கினு நின்னேன்.

அப்புறம் பதில் சொல்ல வாயைத் திறந்தா இங்கிலீசு வரலே. ஒரு வார்த்தை கூட வரலே. "எம்பொண்டாட்டி காத்துக்கினு இருக்கா"ன்னு தமிழ்லயே சொல்லிட்டேன். முதல் வாட்டியா வாய் விட்டுச் சொல்றேன், அதுவும் ஒரு ஆளுக்கும் புரியாத ஊர்ல.

கேப்டன் என் மூஞ்சியைப் பார்த்தாரு. கையை நீட்டிக் குலுக்கிட்டு, ரயில் எத்தனை மணிக்குன்னு கேட்டாரு.

உன் புருஷன்
அந்தோணிசாமி